புளி கோல்டு ஸ்டோரேஜில் காயில் முழுக்க ஐஸ் கட்டுகிறது, வெயில் காலத்தைவிட மழைக்காலத்தில் ஏன் அதிகம்?

கேள்வி: கிருஷ்ணகிரி புளிக்கிடங்கு

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு சின்ன கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. அப்பா கட்டியது. மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே அறைதான்: முப்பது அடி நீளம், இருபது அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம். பஃப் பேனல் (நடுவில் ஃபோம் வைத்த தகடு) சுவர், ஆர்-22 கேஸில் ஓடுகிற பழைய மெஷின், அறைக்குள் மூன்று ஃபேன் வைத்த கூலிங் காயில் (குளிர்ந்த கேஸ் ஓடுகிற குழாய்களும், அவற்றில் கோத்த மெல்லிய தகடுகளும்). மாசி, பங்குனியில் புளி வாங்கி உள்ளே வைத்தால் ஐப்பசி வரைக்கும் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். வெளியே வைத்த புளி ஆடி மாதமே கருத்துப் போகும். அதனால் இந்த அறை நின்றால் எங்கள் வருடமே நின்றுவிடும்.

பிரச்சினை இதுதான். காலையில் காயிலில் மெல்லிசாக வெள்ளை பூத்திருக்கும், உப்புப் பூத்த சுவர் மாதிரி. விரலால் தொட்டால் உதிரும். மதியத்துக்குள் தகடுகளுக்கு நடுவே இருக்கிற சந்து அடைந்துவிடும். சாயங்காலம் பார்த்தால் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு கண்ணாடி போல இறுகிய கட்டி. ஃபேன் ஓடுகிறது, சத்தம் வருகிறது, ஆனால் முன்னால் கை வைத்தால் காற்றே இல்லை. பேக் பிரஷர் (காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்புகிற கேஸின் அழுத்தம்) காலையில் 48 பவுண்டு காட்டினால் சாயங்காலம் 32-க்கு இறங்கிவிடுகிறது. அறை 4 டிகிரியில் இருக்க வேண்டியது, 9, 10 என்று ஏறுகிறது. கூலிங் பத்தவில்லை என்று நான் தெர்மோஸ்டாட்டை 4-லிருந்து 2-க்கும், அப்புறம் 1-க்கும் குறைத்தேன். ஐஸ் இன்னும் அதிகமாகத்தான் ஆனது.

என்னைக் குழப்புவது இன்னொன்று. சித்திரையில் 38 டிகிரி வெயில் அடித்தபோது இவ்வளவு ஐஸ் இல்லை. இப்போது வெளியே குளுகுளுவென்று மழை பெய்கிறது, இப்போதுதான் கட்டி கட்டியாகப் பிடிக்கிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

போன வருடம் இதே சமயத்தில் வேலைக்கு வந்த ஒருவர் ஸ்குரூடிரைவர் வைத்து ஐஸைத் தட்டி எடுத்தார். நானும் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். உஸ் என்று ஒரு சத்தம், குழாயில் ஓட்டை, கேஸ் முழுக்கப் போய்விட்டது. பிரேஸிங் வைத்து (ஓட்டையை உலோகம் உருக்கி அடைத்து), கேஸ் நிரப்பி, அறை மறுபடி 4-க்கு வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. அதனால் தட்டச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பாலக்கோடு ஐஸ்கிரீம் கடை

பேக் பிரஷர் இறங்குகிறது என்றால் கேஸ் குறைவு. எங்கள் டீப் ஃப்ரீசரில் இப்படித்தான் வந்தது. கேஸ் ஏற்றியதும் சரியாகிவிட்டது.

பதில் 2: தருமபுரி மெக்கானிக்

அம்மா, தயவுசெய்து இப்போது கேஸ் ஏற்ற வேண்டாம். முப்பது வருடமாக இதே வேலை செய்கிறேன், இந்த ஒரு தவறால் கம்ப்ரசர் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேஸ் குறைந்தாலும் பேக் பிரஷர் இறங்கும், காயிலில் காற்று அடைத்தாலும் இறங்கும். மீட்டர் முள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் காட்டும். வித்தியாசம் காயிலைப் பார்த்தால் தெரியும். கேஸ் குறைவாக இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு (அழுத்தத்தைக் குறைத்துக் காயிலுக்குள் விடுகிற வால்வு) பக்கத்தில், கேஸ் நுழைகிற முதல் சில குழாய்களில் மட்டும் ஐஸ் இருக்கும், மீதிக் காயில் வெறுமனே இருக்கும். உங்களுக்குக் காயில் முழுக்கப் பிடிக்கிறது. காற்று போகவில்லை, உள்ளே வருகிற கேஸுக்குச் சூடு கிடைக்கவில்லை, அதனால் பிரஷர் விழுகிறது. இந்த நிலையில் மேலும் கேஸ் ஏற்றினால், ஐஸ் உருகின பிறகு அது கூடுதலாகிவிடும். திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பினால் வால்வு உடையும்.

நீங்கள் சொன்ன கணக்கையே பாருங்கள். ஆர்-22-க்கு 48 பவுண்டு என்றால் காயில் மைனஸ் 4 டிகிரி. 4 டிகிரி அறைக்கு அது சரியான இடம். 32 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட மைனஸ் 13. காயில் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு ஐஸ் இழுக்கும். ஐஸ் பிடித்தால் இன்னும் குளிரும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. தெர்மோஸ்டாட்டைக் குறைத்தது அதற்குத் துணையாகப் போய்விட்டது.

கேள்வி ஒன்று. டிஃப்ராஸ்ட் டைமர் (ஐஸ் உருகுவதற்காக மெஷினை நிறுத்துகிற டைமர்) ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம்? அந்த நேரத்தில் ஃபேன் ஓடுகிறதா, நிற்கிறதா? ஹீட்டர் இருக்கிறதா? பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள். யாரையும் கேட்டு எழுதாதீர்கள்.

கிருஷ்ணகிரி புளிக்கிடங்கு

நன்றி அண்ணா. இன்று மதியம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளேயே நின்று பார்த்தேன்.

டைமர் நாலு முறை, இருபது நிமிடம். டிஃப்ராஸ்ட் வந்ததும் கம்ப்ரசர் நின்றது, மூன்று ஃபேனும் நின்றன. அறை நிசப்தமாகிவிட்டது. இருபது நிமிடமும் காயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசையில் இரண்டு மூன்று தகட்டு முனையில் ஒரு சொட்டு தொங்கியது, அது கீழே விழுந்து அடிக்கட்டி மேலேயே ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். டிரெயின் பைப்பில் ஒரு பொட்டு நீர் வரவில்லை. அப்புறம் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஹீட்டர் இருக்கிறது, ஆனால் ஒயரை வெட்டி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். அப்பாவைக் கேட்டேன். ஐந்தாறு வருடம் முன் ஹீட்டர் எரிந்து போனதாம், ‘4 டிகிரி ரூமுக்கு ஹீட்டர் தேவையில்லை’ என்று சொல்லிக் கழற்றிவிட்டார்களாம்.

பதில் 3: தருமபுரி மெக்கானிக்

கிடைத்துவிட்டது அம்மா. அப்பாவிடம் சொன்னது பாதி சரி. 4 டிகிரி அறைக்கு ஹீட்டர் தேவையில்லைதான். ஆனால் ஹீட்டரைக் கழற்றினவர்கள் ஃபேன் ஒயரையும் மாற்றியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டார்கள்.

ஹீட்டர் உள்ள காயிலில் டிஃப்ராஸ்ட் வரும்போது ஃபேன் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டர் சூட்டை அறைக்குள் அள்ளிக் கொட்டும். ஹீட்டர் இல்லாத காயிலில் நேர்மாறு, ஃபேன் ஓடியே ஆக வேண்டும். 4 டிகிரி என்பது ஐஸுக்குச் சூடான காற்று. அந்தக் காற்றுதான் உங்கள் ஹீட்டர். கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அந்தக் காற்றைக் காயில் வழியாக ஊதினால் அதுவே உருக்கிவிடும். உங்களிடம் ஹீட்டரும் இல்லை, காற்றும் இல்லை. இருபது நிமிடம் சும்மா கழிகிறது. அரைகுறையாக உருகின சொட்டு கீழே போய் உறைகிறது. அடிப்பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி இறுகியிருப்பது அதனால்தான். பூப்போல இருக்கிற ஐஸ் புதிது. கண்ணாடிக் கட்டி என்றால் பல முறை உருகி உறைந்தது என்று அர்த்தம். நான் ஓர் அறைக்குள் போனதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

இப்போது என்ன செய்யலாம் என்றால், முதலில் இருக்கிற கட்டியை முழுக்க எடுங்கள். மெயினை ஆஃப் செய்யுங்கள், டெஸ்டர் வைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். காயிலுக்கு முன்னால் இருக்கிற சிப்பங்களை நகர்த்தி, மீதியைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மேல் தொட்டித் தண்ணீரை ஓஸ் வைத்து மேலிருந்து மெதுவாக விடுங்கள், டிரே தாங்குகிற அளவுக்கு. சாதாரணத் தண்ணீர் போதும். கொதிநீர் வேண்டாம், கத்தி, ஸ்குரூடிரைவர், கட்டை எதுவும் வேண்டாம். ஒன்றரை மணி நேரமானாலும் பொறுமையாக இருங்கள். டார்ச்சைக் காயிலின் பின்பக்கம் பிடித்து, முன்பக்கம் எல்லாத் தகட்டுச் சந்திலும் வெளிச்சம் வருகிறதா பாருங்கள். ஓர் இடத்தில் வெளிச்சம் வராவிட்டாலும் அங்கிருந்தே மறுபடி கட்டும்.

அப்புறம் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேன் லைனை டைமரிலிருந்து பிரித்து நேரடியாகக் கொடுங்கள். தெர்மோஸ்டாட்டை 4-க்கே கொண்டு வாருங்கள். 1 டிகிரியில் வைத்தால் ஊதுகிற காற்றுக்கு உருக்கச் சக்தி இருக்காது. டைமரை மழைக்காலத்துக்கு ஆறு முறை, முப்பது நிமிடம் வையுங்கள், தை பிறந்ததும் நாலாகக் குறைத்துக்கொள்ளலாம். லோடு ஏற்றி முடித்துக் கதவு சாத்தினதும் ஒரு டிஃப்ராஸ்ட் வருகிற மாதிரி நேரத்தை அமையுங்கள். இவ்வளவும் முடிந்து, சுத்தமான காயிலில் ஒரு மணி நேரம் ஓடின பிறகு முள் 45-க்கு மேல் நின்றால் கேஸ் சரியாக இருக்கிறது. நிற்காவிட்டால் அப்போது பேசலாம்.

பதில் 4: இயற்பியல் ஆசிரியை, தருமபுரி

உங்கள் மழைக்காலக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் மிகவும் பிடித்த இடம்.

ஐஸ் பிடிப்பதற்கு வெளிக்காற்றின் சூடு காரணமில்லை, அதில் இருக்கிற நீராவிதான் காரணம். சித்திரை மதியம் 38 டிகிரி, காற்று காய்ந்து கிடக்கிறது. ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் 14 கிராம் அளவுக்கு நீர். ஐப்பசி மழையில் 27 டிகிரி, 80 சதவீதம் என்றால் 20 கிராமைத் தாண்டும். உங்கள் அறைக்காற்று 4 டிகிரியில் சுமார் 5 கிராம்தான் தாங்கியிருக்கும். ஆக வெயில் நாளில் உள்ளே நுழைகிற ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் 9 கிராமைக் காயிலில் விட்டுவிட்டுப் போகிறது, மழை நாளில் 15 கிராமுக்கு மேல். உடம்புக்குக் குளுகுளுவென்று இருக்கிற காற்றுதான் உங்கள் காயிலுக்குப் பெரிய சுமை.

வெள்ளையாகப் பூப்பது ஏன் என்றால், காயில் மேற்பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே இருப்பதால் நீராவி பெரும்பாலும் நீராகாமல் நேரே படிகமாகப் படிகிறது. ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவில் காற்றை அடைத்துக்கொள்கிறது. வெளிச்சம் அதில் சிதறுவதால் வெள்ளை. அடைபட்ட காற்றால் அது ஒரு கம்பளி மாதிரி. கெட்டியான ஐஸே அலுமினியத்தைவிட நூறில் ஒரு பங்குதான் வெப்பத்தைக் கடத்தும். இந்தப் புதுப் பூ அந்த ஐஸிலும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. ஆனாலும் மெக்கானிக் சொன்னதுதான் முக்கியம். கம்பளி போர்த்துவதைவிடச் சந்து அடைவதுதான் காயிலைக் கொல்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கதவை ஒரு சாண் திறந்து, ஊதுபத்தியைக் கீழ்ப்பக்கம் பிடியுங்கள். புகை வெளியே ஓடும். அதையே கதவின் மேல்முனையில் பிடியுங்கள், புகை உள்ளே இழுக்கப்படும். குளிர்காற்று கனமானது, தரையோடு வழிந்து வெளியே போகிறது. அதே அளவு ஈரக்காற்று மேலே நுழைகிறது. கதவு திறந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் இது நடக்கிறது. முடிந்தால் டிரெயின் நீரை ஒரு வாளியில் பிடித்து அளந்து சொல்லுங்கள். எவ்வளவு ஈரம் உள்ளே வந்தது என்று அந்த வாளியே சொல்லிவிடும்.

பதில் 5: ஓசூர் ரோஜா ரூம்

நாங்கள் பேரிகை பக்கம் பாலி ஹவுஸில் ரோஜா போடுகிறோம். அறுத்த பூவைத் தண்ணீர் பக்கெட்டோடு 2 முதல் 4 டிகிரி அறையில் வைப்போம். பிப்ரவரி 14-க்கான லோடு ஓடுகிற சமயத்தில் கதவு மூடவே மாட்டார்கள், அதனால் ஐஸ் எங்களுக்கு நன்றாகப் பழக்கம். எங்கள் அறை 2 டிகிரிக்கு இறங்குவதால் ஹீட்டர் வைத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் பாருங்கள் அக்கா. டிரெயின் பைப் சுவருக்கு வெளியே எப்படி முடிகிறது? எங்களுக்கு டிரேயின் ஓட்டைக்குப் பக்கத்திலேயே எப்போதும் ஓர் ஐஸ் உருண்டை உட்கார்ந்திருக்கும். எவ்வளவு உருக்கினாலும் அடுத்த நாள் அதே இடத்தில் வரும். ஒருநாள் வெளியே பைப் முனையில் தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தேன், சுடர் பைப்புக்குள் சாய்ந்தது. ஃபேன் இழுக்கிற இழுப்பில் வெளிக்காற்று பைப் வழியாகவே உள்ளே வந்துகொண்டிருக்கிறது! வெளிப்பக்கம் ஒரு யூ வளைவு போட்டு அதில் தண்ணீர் நிற்கிற மாதிரி செய்தோம். உருண்டை அதோடு போய்விட்டது.

இன்னொரு விஷயம், மெக்கானிக் அண்ணன் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபேனை ஓடவிட்டு உருக்கினால் கொஞ்சம் ஈரம் ஆவியாகி அறைக்கே திரும்பும். ரோஜாவுக்கு அது நல்லது. புளி ஈரத்தை இழுக்குமே?

பதில் 6: தருமபுரி மெக்கானிக்

தவறாக எடுக்க என்ன இருக்கிறது தம்பி, சரியான கேள்வி. கொஞ்சம் திரும்பும், பெரும்பங்கு டிரெயினில்தான் போகும். இருந்தாலும் சிப்பத்துக்குள் பாலிதீன் உறை இருக்கட்டும், காயிலுக்கு முன்னால் மூன்றடி இடம் காலியாக இருக்கட்டும். யூ வளைவு விஷயத்தை நான் விட்டுவிட்டேன், நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று.

கிருஷ்ணகிரி புளிக்கிடங்கு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், தீபாவளி லோடு.

தண்ணீர் விட்டு உருக்க இரண்டே கால் மணி நேரம் ஆனது. கடைசிக் கட்டி டிரேயில் தொப்பென்று விழுந்தபோது லோடுமேன்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டார்ச் வெளிச்சம் எல்லாச் சந்திலும் வந்த பிறகுதான் மெயினைப் போட்டேன். ஃபேன் ஒயரை மாற்றி, டைமரை ஆறு முறை ஆக்கி, 4 டிகிரியில் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து முள் 47. கேஸ் ஒரு கிராம்கூட ஏற்றவில்லை.

முதல் நாள் வாளி வைத்து அளந்தேன். ஆறு டிஃப்ராஸ்டுக்கும் சேர்த்து 31 லிட்டர். நான் எதிர்பார்த்தது ஐந்தாறு லிட்டர்தான். இத்தனை வருடமும் இந்தத் தண்ணீரெல்லாம் காயிலிலேயே உறைந்து உட்கார்ந்திருந்தது.

அன்று ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டு, வெளியே இருட்டில் சுற்றி வந்தேன். கேஸ் பைப் சுவருக்குள் நுழைகிற இடத்தில் கை நுழைகிற அளவுக்கு வெளிச்சம். பழைய பஞ்சும் துணியும் திணித்து வைத்திருந்தார்கள், எலி அதையும் இழுத்துவிட்டிருக்கிறது. ஃபோம் அடித்து மூடியாயிற்று. கதவின் ரப்பர் கீழ் மூலையில் பிய்ந்திருந்தது, அதையும் மாற்றினோம். டிரெயின் பைப் முனையில் தீக்குச்சி சோதனையும் செய்தேன். ஓசூர் தம்பி சொன்ன மாதிரியே சுடர் உள்ளே சாய்ந்தது. பி.வி.சி. எல்போ மூன்றை வைத்து வளைவு போட்டோம்.

ஊதுபத்தியை லோடுமேன்களைக் கூட்டி வைத்துக் காட்டினேன். மேலே பிடித்ததும் புகை உள்ளே பாய்ந்ததைப் பார்த்துவிட்டு மூத்தவர் ஒருவர், ‘அக்கா, இத்தனை நாள் சொல்லியிருந்தால் நாங்களே சாத்தியிருப்போமே’ என்றார். சொல்லாதது என் தவறுதான். இப்போது பத்துச் சிப்பம் உள்ளே அடுக்கி வைத்துக்கொண்டு ஒரே தடவையாக வெளியே எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் திரையும் தொங்கவிட்டிருக்கிறோம்.

நேற்றும் நல்ல மழை. வாளியில் 12 லிட்டர்.

பதில் 7: இயற்பியல் ஆசிரியை, தருமபுரி

31 லிட்டர்! கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு கிலோ நீராவியை ஐஸாக்க 2,830 கிலோ ஜூல் அளவுக்குக் குளிர் வேண்டும். 31 கிலோவுக்கு 24 யூனிட்டுக்கு மேல் குளிர்ச்சி, ஒரு டன் ஏசி ஏழு மணி நேரம் ஓடிச் செய்கிற வேலை. ஃபேன் வைத்து உருக்குவதால் அதில் எட்டில் ஒரு பங்கு அறைக்குத் திரும்பக் கிடைக்கிறது, மீதி நீரோடு போயிற்று. காற்றுக் கணக்கில் பார்த்தால் ஒரு நாளில் சுமார் 2,000 கன மீட்டர் வெளிக்காற்று நுழைந்திருக்கிறது. உங்கள் அறையைப் பத்து முறை நிரப்புகிற காற்று. அந்த வாளியின் படத்தை என் பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் காட்டலாமா?

கிருஷ்ணகிரி புளிக்கிடங்கு

தாராளமாகக் காட்டுங்கள் டீச்சர். பிள்ளைகளை நேரிலேயே கூட்டி வந்தாலும் சரி, ஸ்வெட்டர் மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். ஐந்து ஐந்து பேராக உள்ளே விடுகிறேன், கதவு அதிகம் திறக்கக் கூடாது.

பதில் 8: தருமபுரி மெக்கானிக்

நல்ல வேலை அம்மா. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன வருடம் ஸ்குரூடிரைவர் பட்ட இடத்தில் தகடுகள் மடங்கியிருக்கும். அங்கே சந்து குறுகலாக இருப்பதால் ஐஸ் முதலில் அங்கேதான் பாலம் கட்டும். தை கடைசியில் புளி எல்லாம் போய் அறை காலியானதும், புதுப் புளி வருவதற்கு முன், மெஷினை நிறுத்திவிட்டு ஃபின் சீப்பு (மடங்கிய தகடுகளை நேராக்குகிற சீப்பு) வைத்து ஒவ்வொன்றாக நேராக்குங்கள். மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. பிரேஸிங் வைத்த இடத்தில் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் எனக்கு எழுதுங்கள்.